வேரியேட்டர்

கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் சிறுவர் பந்தய நாற்சக்கர வண்டியிலும் வேகத்துக்கேற்ப இழுவையைத் தானே மாற்றும் பெல்ட் அமைப்பின் முன்பகுதி. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் கார் இத்தகைய அமைப்போடு வந்தது. இந்தியாவில் கைனெட்டிக் ஹோண்டாவும் பின்னர் டிவிஎஸ் ஸ்கூட்டியும் இதைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தன.

எஞ்சின் சுற்று கூடக்கூட, உள்ளிருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, நகரும் தட்டைத் தள்ளி, பெல்ட்டை மேலேற்றும். சரிசெய்தலில் முதலில் பார்க்க வேண்டியது ரோலர் எடை. எடை குறைந்தால் எஞ்சின் கூடுதல் சுற்றில் நின்று இழுக்கும்; பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு மலையேற அது உதவும், நாற்கர சாலையிலோ வெறும் இரைச்சல். அடுத்தது கிளட்ச் ஸ்பிரிங்; அது விறைப்பானால் வண்டி தாமதமாக, ஆனால் துள்ளிக் கிளம்பும். சிறுவர் வண்டிக்கு அது வேண்டாத வேலை. ரோலர் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எந்த ஸ்பிரிங்கை மாற்றியும் பயனில்லை.