முதலுதவி வளர்ந்த வரலாறு

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என வகுத்த திருவள்ளுவர், நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் கூறியதோடு அமையாது, அருகிருந்து உதவுவோனையும் அந்நான்கனுள் ஒன்றாக வைத்தார். மருத்துவனது புகழும் மருந்தின் பெருமையும் ஏடுகளில் நிரம்பக் காணப்படுகின்றன. அருகிருப்போனைப் பற்றி வரலாறு பேசியது குறைவே. விபத்து நேர்ந்த இடத்தில் மருத்துவன் வருமுன் நிற்பவன் அவனே. அவன் அறிந்தவனாயின் ஓருயிர் தப்பும். அறியாதவனாயின் அவனது அன்பே தீங்காய் முடிதலுங் கூடும். அவனுக்கு அறிவூட்ட மேற்கொள்ளப்பட்ட முயற்சியே முதலுதவியின் வரலாறு ஆகும்.

அம்முயற்சி நீரில் மூழ்கியோரை மீட்பதிலே தொடங்கிற்று. கால்வாய்கள் நிறைந்த அம்ஸ்ரடாம் நகரிலே 1767ஆம் ஆண்டிலும், இலண்டனிலே 1774ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. அவை கூறிய முறைகளுட் சில இன்று நகைப்பை விளைப்பன. துருத்தியால் நுரையீரலுட் காற்றை ஊதினர்; புகையிலைப் புகையைக் குதவழியே செலுத்தினர். ஆயினும், மூச்சு நின்றவனைப் பிணமென்று கைவிடலாகாது, அருகில் நிற்கும் எவனும் முயலவேண்டும் என்ற எண்ணம் அச்சங்களாற் பரவிற்று. முறைகள் மாறின, அவ்வெண்ணம் நிலைத்தது.

அடுத்த தூண்டுதல் போர்க்களத்தினின்றும் வந்தது. 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, வட இத்தாலியிலுள்ள சொல்பெரினோவில், பிரான்சும் சார்டீனியாவும் ஒருபுறமாகவும் ஒஸ்திரியா மறுபுறமாகவும் பொருதன. இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறக்குறைய 40,000 பேர் வீழ்ந்தனர். வணிக அலுவலாக அப்பக்கம் வந்த ஜெனீவா வாசியான ஹென்றி டுனாந்து, அருகிலுள்ள காஸ்திலியோனே ஊரின் கோயிலிலே குவிந்து கிடந்த காயக்காரரைக் கண்டார். அவர் மருத்துவர் அல்லர். ஊர்ப்பெண்டிரைத் திரட்டி, நண்பர் பகைவர் என்னும் வேறுபாடின்றி நீரூட்டவும் புண்கழுவவும் செய்தார். 1862இல் அவர் வெளியிட்ட நூலின் பயனாக, மறுவருடம் செஞ்சிலுவை இயக்கத்தின் மூலக்குழு ஜெனீவாவிலே கூடிற்று. 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, முன்னரே பயின்றோர் வேண்டும் என்பதே சொல்பெரினோ புகட்டிய பாடம்.

போர்க்களத்து அறிவை வீதிக்கும் ஆலைக்கும் கொணர்ந்தோர் பிரித்தானியர். 1877இல் இலண்டனிலே சென் ஜோன் அம்புலன்சுச் சங்கம் நிறுவப்பட்டது. மறுவருடம் வுலிச்சிலே இராணுவ வைத்தியரான பீற்றர் ஷெப்பேட் என்பாரும் பிரான்சிஸ் டங்கன் என்பாரும் பொதுமக்களுக்கு வகுப்புக்கள் நடத்தினர். சுரங்கத் தொழிலாளர், புகையிரதப் பகுதியினர், காவற்படையினர் முதலியோர் இக்கல்வியை விரும்பிக் கற்றனர். ஷெப்பேட் தம் வகுப்புக்களின் விளைவைக் காண நெடுநாள் இருந்திலர். 1879 ஜனவரி 22ஆந் திகதி தென்னாபிரிக்காவிலே இசந்தல்வானாப் போரில் அவர் மாண்டார். காயமுற்ற ஒருவனுக்கு உதவக் குதிரையினின்றும் இறங்கியவேளை கொல்லப்பட்டார் என்பர்.

ஜேர்மனியிலே கீல் நகரத்துச் சத்திர வைத்தியரான எஸ்மார்க், முக்கோணக் கட்டுத்துணியைப் பரப்பியவர். கட்டும் வகைகளை அத்துணியிலேயே படமாக அச்சிட்டமையால், கற்றதை மறந்தவனுக்குத் துணியே ஆசானாயிற்று. இலண்டனில் நடைபெற்ற வகுப்புக்களைக் கண்டு, 1882இல் அவர் கீலிலே அத்தகைய பாடசாலையைத் தொடங்கினார். மருத்துவருட் சிலர் இதனை எதிர்த்தனர். அரைகுறை அறிவு போலி வைத்தியரைப் பெருக்கும் என அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் பிழையன்று. ஆதலின் முதலுதவி தன் எல்லையைத் தானே வகுத்துக்கொண்டது. நோயை மாற்றுதல் அதன் தொழிலன்று. மருத்துவன் வரும்வரை உயிரைக் காத்தலும் தீங்கு வளராது தடுத்தலுமே அதன் தொழில்.

இருபதாம் நூற்றாண்டிலே இக்கலை தன்னைத் தானே திருத்திக்கொண்டது. சில்வெஸ்ரர் 1858இலும், ஷேபர் 1903இலும், ஹொல்கர் நீல்சன் 1932இலும் கூறிய முறைகள் முதுகையோ மார்பையோ அழுத்தியும் கைகளை உயர்த்தியும் மூச்சூட்டுவன. ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஜேம்ஸ் எலம், பீற்றர் சபார் என்போர் வாய்வழி மூச்சூதலே அவற்றினும் சிறந்ததென ஆய்ந்து காட்டினர். 1960இல் மின்பொறியியலாளரான கௌவென்ஹோவன் என்பவரும் அவர்தம் துணைவரும், மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி நின்ற இதயத்தை இயக்கலாம் எனக் காட்டினர். அவ்வாண்டிலேயே நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் லேர்டால், இம்முறையைப் பயிலுதற்கு ஆளளவுப் பொம்மையொன்றை ஆக்கி அளித்தார். இன்று நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தோர்க்கு 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாது அழுத்துதல் விதியாயிற்று.

பழைய வழக்கங்கள் பல இவ்வாறே வீழ்ந்தன. தீப்புண்ணுக்கு நெய் தடவுதல் தவறு. 20 நிமிடம் குளிர்ந்த ஓடுநீர் ஊற்றுதலே தக்கது. பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு பயப்பன. கடியுண்டவரை அமைதிப்படுத்தி, அவ்வுறுப்பை அசையாது வைத்து, மருத்துவமனைக்கு விரைதலே வேண்டுவது. பாம்புக்கடி அரிதன்றாகிய இலங்கையிலே இத்திருத்தம் அறியாமையால் நேரும் இழப்புச் சிறிதன்று.

அறிவு மக்களிடஞ் சேரவேண்டுமாயின் அது மக்கள் மொழியிலே அமைதல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் இவ்வுண்மையை ஷெப்பேட்டின் வகுப்புக்களுக்கு முன்னரே உணர்த்தினார். உயர்ந்த மருத்துவம் தமிழில் இயலுமாயின், எளிய முதலுதவி இயலாதென்பார் யார்?

2016இல் தொடங்கிய 1990 அம்புலன்சுச் சேவை இலங்கை மக்களுக்குப் பெருந்துணை. எனினும், இதயம் நின்றபின் நாலைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். எத்துணை விரைந்த வண்டியும் அந்நிமிடங்களை மீட்டுத் தராது. அவை அருகிருப்போனுக்கு உரியன. கல்லூரியிற் கற்கும் ஒவ்வொரு மாணவனும் என்றோ ஒருநாள் ஒருவர்க்கு அருகிருப்போன் ஆவான். அந்நாளில் அவன் கைகள் செய்வதறியாது நடுங்குமோ, கற்றவாறு தொழிற்படுமோ என்பது இன்று அவன் செலவிடும் சில மணிநேரப் பயிற்சியிலே தங்கியுள்ளது.