சார்னோக்கைட்டு

சார்னோக்கைட்டு என்பது புவியோட்டின் கீழ்ப்பகுதியில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும் பாறை வகையாகும். குவார்ட்சு, பெல்சுபார் ஆகியவற்றுடன் ஐப்பர்சுதீன் என்னும் பைராக்சீன் கனிமமும் இதில் உள்ளது. நீர் மிகக் குறைந்த சூழலில் இப்பாறை உருவானதை இக்கனிமம் காட்டுகிறது.

பெயர்

கல்கத்தாவிலுள்ள சோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனது. எனவே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து 1893 இல் இப்பெயரைச் சூட்டினார்.

புவியின் உள்ளமைப்பில் இடம்

புவியோட்டின் கீழே ஏறத்தாழ 2,900 கிமீ ஆழம் வரை மூடகம் உள்ளது. அது ஒலிவின், பைராக்சீன் முதலிய மக்னீசிய, இரும்புச் சிலிக்கேட்டுகளால் ஆனது. அதற்கும் கீழே இரும்பும் நிக்கலும் கலந்த கருவம் உள்ளது. சார்னோக்கைட்டு மூடகப் பாறை அன்று. மூடகத்திற்கு மேலுள்ள புவியோட்டின் ஆழ்பகுதியைச் சேர்ந்தது. மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டு நிலம் உயர்ந்ததால், சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் இதனை நிலமட்டத்திலேயே காணலாம். பரங்கிமலைச் சார்னோக்கைட்டு தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.