முசுவும் ஊகமும் தேடி ஆனைமலையில்

தொல்காப்பிய மரபியலைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடத்தில் நாங்கள் சற்று விரைந்து செல்வது வழக்கம். குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்னும் பெயர் உரியது என்கிறார் ஆசிரியர். "முசு என்பது ஒருவகைக் குரங்கு, ஊகம் என்பது கருங்குரங்கு" என்று அகராதிப் பொருளைச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவிற்குப் போய்விடுவோம். இருபது ஆண்டுகளாக எவரும் எதுவும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு, வால்பாறைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "ஐயா, எங்க ஊர்ல கருங்குரங்கே ரெண்டு வகை இருக்கு. இதுல எது ஊகம்?"

எங்களிடம் விடையில்லை. துறை நண்பர்கள் நால்வர் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆனைமலைக்குப் புறப்பட்டதன் காரணம் இதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறினால் டாப்சிலிப். பலரும் இதனை ஓர் அழகிய ஊர்ப்பெயர் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு தொழிலின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இம்மலையின் தேக்கு, பம்பாய்க் கப்பல் தளத்திற்குத் தேவைப்பட்டது. வெட்டிய மரங்களை யானைகளைக் கொண்டு மலை விளிம்பிற்கு இழுத்து வந்து, அங்கிருந்து சரிவில் வழுக்கிவிடுவார்கள். கீழே வண்டியேற்றி மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுசேர்ப்பார்கள். சறுக்கின் மேல்முனை என்பதே ஆங்கிலத்தில் 'டாப்சிலிப்' ஆயிற்று. மலைக்கு அப்பால் கொச்சி அரசும் சும்மா இருக்கவில்லை. பறம்பிக்குளத்துக் காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு ஏற்றிச் செல்ல 1907இல் ஒரு டிராம்வே பாதையையே தொடங்கியது. அது 1963 வரை ஓடியது.

1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன் இம்மலைகளைப் பார்வையிட்டார். 1861இல் வெளிவந்த தமது நூலில் இவற்றைப் பற்றியும் எழுதினார். இப்படி வெட்டிக்கொண்டே போனால் வெட்டுவதற்கு மரமிராது என்பதே அக்காலத்து அதிகாரிகளின் முதற்கவலை. 'வனப் பாதுகாப்பு' என்னும் சொல் நம் நாட்டில் குரங்கின் மீதோ பறவையின் மீதோ கொண்ட பரிவால் பிறந்ததன்று, மரக்கணக்கில் பிறந்தது. இதைச் சொல்வது அவர்களைக் குறைகூற அன்று. வரலாறு அப்படித்தான் தொடங்கிற்று.

அக்கணக்கை மாற்றி எழுதியவர் ஹியூகோ வுட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வன அதிகாரியாக இருந்த இவர், மரத்தை வேரோடு அழிக்காமல் அடித்தண்டு விட்டு வெட்டி மீண்டும் தளிர்க்கச் செய்யும் முறையைப் புகுத்தினார். வெட்டவெளியான சரிவுகளில் தேக்கு நட்டார். சட்டைப்பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி ஊன்றியபடியே நடப்பாராம். 1933இல் மறைந்த அவர், விரும்பியவாறே இங்குப் புதைக்கப்பட்டார். என் நினைவுச்சின்னத்தைத் தேடுவாயாயின் சுற்றிலும் பார் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அக்கல்லறையில் உள்ளது.

நாங்களும் சுற்றிலும் பார்த்தோம். நெடிதுயர்ந்த தேக்குகள்! நெஞ்சு நிறைந்தது. ஆனால் உடன் வந்த வழிகாட்டி, காடர் குடியைச் சேர்ந்த முதியவர், அவ்விடத்தில் நிற்கவே இல்லை. "இங்க என்ன சார் இருக்கு, தேக்குதானே. கரியன் சோலைக்கு வாங்க" என்று நடந்தார்.

அவர் சொன்னதன் பொருள் கரியன் சோலைக்குள் நுழைந்த பின்னரே விளங்கிற்று. தேக்கங்காட்டில் ஒழுங்கு உண்டு, உணவு இல்லை. இங்கோ அத்தி வகைகளும் பலவும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கவிந்து, பகலிலேயே இருள் சூழ்ந்திருந்தது. திடீரெனத் தலைக்கு மேல் பெருங்காற்று இரைவது போல ஓர் ஓசை. இருவாச்சி! மஞ்சளும் கறுப்புமான அலகும், அதன்மேல் கவிழ்த்த தொன்னை போன்ற கொண்டையுமாக ஓர் ஆண்பறவை பறந்து சென்றது.

பெண் இருவாச்சி முதுமரத்தின் பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலைத் தன் எச்சத்தாலும் பிறவற்றாலும் பூசி அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும்வரை அதற்கும் குஞ்சுக்கும் அப்பிளவின் வழியே இரையூட்டுவது ஆண்பறவையே. அது வேட்டைக்கு இரையானால் பொந்துக்குள்ளிருப்பவையும் பட்டினியால் மடிய நேரும். துணையை இழந்த மந்தி, மரமேறவும் கற்காத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடும் குறுந்தொகை 69ஆம் பாடல் எங்களுக்கு நினைவு வந்தது. அதை எத்தனை முறை வெறும் உள்ளுறையாகவும் தேர்வு வினாவாகவும் நடத்தியிருக்கிறோம்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருவாச்சி புகக்கூடிய பொந்து, வயது முதிர்ந்த பெருமரத்தில்தான் அமையும். மரவணிகம் தேடியதும் அதே பெருமரத்தைத்தான்.

சற்றுத் தொலைவில் ஒரு கூவல் எழுந்தது. முதியவர் நிமிர்ந்தும் பாராமல், "கருமந்தி" என்றார். எப்படி அறிவீர்கள் ஐயா என்றோம். "அது கூப்பிடறது வேற, சிங்கவாலு கூப்பிடறது வேற. பாத்துத்தான் சொல்லணும்னு இல்ல சார்." கிளைகளுக்கிடையே நீண்ட மெல்லிய வால் ஒன்று தொங்கியது. கரிய உடல், தலையில் பழுப்பு மயிர். இலையே இதன் முதன்மை உணவு. அதற்கேற்ப அறைகள் பகுத்த வயிறு உடையது.

மற்றொரு கருங்குரங்கைக் காண மறுநாள் மலையிறங்கி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை சேர்ந்தோம். இங்கு 1890களிலிருந்து காடு அழிந்து தேயிலையும் காப்பியும் ஆயிற்று. அதற்கு மனிதர் கொடுத்த விலையை, இத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார், இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். விலங்குகள் கொடுத்த விலையைச் சாலையோரத்திலேயே காணலாம். தேயிலைக் கடலில் தீவுகளாய் எஞ்சிய சோலைத் துண்டுகளில் ஒன்று புதுத்தோட்டம். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இயற்கையில் இல்லை. மொத்தமே ஏறத்தாழ 4,000 என மதிப்பிடுகின்றனர்.

முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, குட்டையான வால், நுனியில் குஞ்சம். கன்னத்தில் இரையை ஒதுக்கிவைக்கும் பை உண்டு. பழமும் பூச்சியும் உணவு. நிறம் ஒன்றைத் தவிர, நேற்றுக் கண்டதற்கும் இதற்கும் எதுவும் ஒப்பில்லை! மரமுடிகளை விட்டு இறங்காத இவ்வினம் இங்குத் தரையில் நடக்கிறது, குப்பையைக் கிளறுகிறது. சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலத்தில், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு மந்தி சென்றதைக் கண்டோம். கீழே பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. திவ்யா முடப்பா, சங்கர் ராமன் போன்ற ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி, இத்தகைய துண்டுகளில் அவ்வக்காட்டு நாற்றுகளையே நட்டுச் சோலையை மீட்டு வருகின்றனர்.

1976இல் ஆனைமலை வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. 1989இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் புலிகள் காப்பகமும் ஆயிற்று. யாவும் நன்றே. ஆனால் புதுத்தோட்டம் போன்றவை தனியார் தோட்டங்களுக்குள் கிடக்கும் துண்டுகள். கோடாரி போனது போக எஞ்சியதைச் சுற்றித்தான் காப்பகத்தின் எல்லையை நாம் வரைந்தோம். எல்லைக்கு வெளியே பிறந்த குட்டிக்கு அக்கோடு தெரியாது.

ஊர் திரும்பியதும் அம்மாணவியிடம், இரண்டையும் கண்டோம் என்றோம். அகராதி 'கருங்குரங்கு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துவிட்டது. பெண்ணுக்குரிய 'மந்தி' என்பதே இன்று 'கருமந்தி', 'சோலைமந்தி' என இனப்பெயராகிவிட்டது என்பதையும் சொன்னோம். குரங்கு, முசு, ஊகம் எனப் பிரித்துப் பெயரிட்டவர்கள் அவற்றோடு வாழ்ந்தவர்கள். 'ஒருவகைக் குரங்கு' எனப் பொருளெழுதியவர்கள் காட்டை விட்டு விலகியவர்கள். நாங்கள் இரண்டாவது கூட்டத்தார்.

அன்று மரபியல் வகுப்பில் கரும்பலகை அருகே நின்று பேசியவள் அவள். நாங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டோம்.