படைமுகாம் குழம்பு

கொரியச் சாப்பாடுன்னா நம்ம ஆட்களுக்கு உடனே கிம்ச்சிதான் ஞாபகம் வரும். அதை இன்னொரு நாள் பார்க்கலாம். இன்னைக்கு 'புதே ஜிகே'. புதே என்றால் படைப்பிரிவு, ஜிகே என்றால் கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும் குழம்பு. சியோல்ல படிக்கிற எங்களை மாதிரிப் பசங்க நாலு பேர் சேர்ந்தா, மலிவா வயிறு நிறைய இதுதான்.

பேர்லயே ஒரு போர் இருக்கு பாருங்க. 1950-ல் தொடங்கிய கொரியப் போர் 1953-ல் நின்றது (நின்றது, அவ்வளவுதான். அமைதி ஒப்பந்தம் இன்னும் கிடையாது). ஊரெல்லாம் பசி. இறைச்சியைக் கண்ணால பார்க்கிறதே அபூர்வம். ஆனா அமெரிக்க முகாம் வேலிக்கு உள்ளே ஸ்பாம், சாசேஜ், டப்பா பீன்ஸ் எல்லாம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் வழியாகவும் கறுப்புச் சந்தை வழியாகவும் அது வெளியே கசிந்தது. விற்பது சட்டப்படி குற்றம்.

அதுக்கும் கீழே ஒரு படி உண்டு. முகாம் சாப்பாட்டுக்கூடத்தில் மிஞ்சிய எச்சிலை வாளியில் அள்ளி வந்து, ஒன்றாகக் காய்ச்சி விற்ற கஞ்சி. அதன் பேர் 'குல்குரி ஜுக்', அதாவது பன்றிக் கஞ்சி. நம்தேமுன் சந்தையில் 5 வோன் கஞ்சிக்கு மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த ஒருவர்தான், 1963-ல் சம்யாங் ராம்யனை 10 வோனுக்குக் கொண்டு வந்தார். கொரியாவின் முதல் உடனடி நூடுல்ஸ் அது. அந்த நிறுவனமே சொல்லும் கதை இது.

சியோலுக்கு வடக்கே உய்ஜங்பு அப்போ முகாம்கள் நிறைந்திருந்த ஊர். அங்கே 1960-ல் ஹோ கி-சுக் என்ற அம்மா மீன் கேக் விற்றுக்கொண்டிருந்தார். முகாம் ஆட்கள் கொண்டு வந்த சாசேஜை முதலில் வதக்கித்தான் கொடுத்தார். சோத்துக்குத் தொட்டுக்க வேணும்னு கேட்டதும் கிம்ச்சி, மிளகாய் விழுது சேர்த்துக் குழம்பாக்கினார். அவர் 2014-ல் காலமானார். கடை இருந்த தெரு இப்போ சுற்றுலா இடம்! இதைப் போய் 'ஃப்யூஷன்' என்று மெனு கார்டில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஸ்பாம் 1987 முதல் கொரியாவிலேயே தயாராகுது. சூசொக் பண்டிகைக்கு பரிசுப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிறாங்க. எனக்கும் ஒரு பெட்டி வந்தது, அதான் வீட்டுலயே வச்சுப் பார்த்தாச்சு :)

அகலமான பாத்திரத்தில் நல்லாப் புளித்த கிம்ச்சி, ஸ்பாம், சாசேஜ், வெங்காயத்தாள், ரெண்டு ஸ்பூன் பீன்ஸ். மேலே மிளகாய் விழுது, மிளகாய்த்தூள், பூண்டு. எலும்புச் சாறு ஊற்றிப் பத்து நிமிஷம் கொதிச்சதும் ராம்யன். கடைசியா ஒரு சீஸ் துண்டு. உப்பு போடவே வேண்டாம், ஸ்பாமே போதும்.

கீழ் வீட்டு ஹல்மொனிக்கு (பாட்டிதான்) ஒரு கிண்ணம் கொண்டு போனேன். சீஸை ஓரமா ஒதுக்கிட்டுச் சாப்பிட்டார். சாசேஜைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, "அப்போ இவ்வளவு பெரிசா வராது, யாரோ கடிச்ச மீதிதான் வரும்" என்றார்.