பங்குப் பத்திரத்துக்கு வில்லங்கம் எங்கே பார்ப்பது?

நாஞ்சில் நாட்டில் ஒருவர் அரை ஏக்கர் வயல் வாங்குவதென்றாலும் முதலில் சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். மூலப்பத்திரம் தொலைஞ்சு போச்சு என்று சொன்னால், வாங்கவே யோசிப்பார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கவழி முடிந்த பிறகு பாகப்பிரிவினை ஆவணங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்த ஊர் இது. ஆவணம் விஷயத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் பங்குப் பத்திரம் என்று வந்தபோது அந்த எச்சரிக்கையால் பெரிய பிரயோஜனம் இருக்கவில்லை. பார்ப்பதற்கு ஆபீஸே கிடையாதே!

பத்திரத்தில் ஃபோலியோ எண், சான்றிதழ் எண், ஒவ்வொரு பங்குக்குமான தனி எண் என்று எல்லாம் அச்சடித்திருக்கும். தொலைத்தவர் கம்பெனிக்கு எழுதினால் அந்த எண்களுக்கு எதிரே 'மாற்றத் தடை' என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பு கம்பெனி பதிவேட்டோடு சரி. நாகர்கோவிலில் இருந்து வாங்கியவர் மாற்றுப் படிவத்தில் ஸ்டாம்பு ஒட்டி, பத்திரத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். 1956 கம்பெனிச் சட்டம் கம்பெனிக்குக் கொடுத்த கெடு இரண்டு மாதம். அது திருட்டுப் பத்திரம் என்பது ஆட்சேபக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். பணமோ முன்னாலேயே போயிருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பொதுப் பேரேடு போட்டார்கள். 1975 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வங்கிகளும் தரகர்களும் காணாமல் போன, களவுபோன பத்திரங்களைப் பற்றி ஒரே இடத்தில் தகவல் கொடுக்க வேண்டும். 10,000 டாலருக்கு மேற்பட்ட பத்திரம் கைக்கு வந்தால், அங்கே விசாரித்துப் பார்க்கவும் வேண்டும். நம்மூர் வில்லங்கம் மாதிரிதான்.

இந்தியா அந்த வழியில் போகவில்லை, காகிதத்தையே ஒழித்தது. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, அந்த நவம்பரிலேயே என்.எஸ்.டி.எல். தொடங்கியது. 2019 ஏப்ரல் 1 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளின் காகிதப் பங்குகளைக் கைமாற்றவே முடியாது. இது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டிரங்குப் பெட்டியில் கிடந்த காகிதங்களுக்கு இது பதில் இல்லை.

இப்போது வாரிசுகள் அதைத் தூசிதட்டி எடுக்கிறார்கள். தாத்தாவே முன்பு 'காணோம்' என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கி, அதை விற்றும் இருக்கலாம். அப்படியென்றால் கையில் இருக்கும் அசல் வெறும் காகிதம். அதனால் ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டுக் கம்பெனியின் பதிவாளருக்கு எழுதுவதுதான் முதல் வேலை. பத்திரம் தொலைந்த தகவலைப் பங்குச் சந்தைக்கு இரண்டு நாளுக்குள் கம்பெனி தெரிவிக்க வேண்டும் என்று 2015 செபி விதிகள் சொல்லின, ஆகவே பழைய சந்தை அறிவிப்புகளையும் தேடலாம். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காத பங்கு என்றால், அது அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதை மீட்பது தனி விண்ணப்பம்.

காகிதமே காணோம் என்றால் எஃப்.ஐ.ஆர்., பத்திரிகை விளம்பரம் எல்லாம் வேண்டும். 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரைக்கும் இவை தேவையில்லை என்று 2022 மே மாதம் செபி சொன்னது. நகலும் இப்போது பத்திரமாக வராது. 2022-ல் வந்த முறைப்படி ஓர் உறுதிக் கடிதம் வந்தது, அதை 120 நாளுக்குள் டீமேட் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.