குழுவுக்கு ஒரு முகவரி, எந்திரத்துக்கு ஒரு முகவரி

போன வாரம், என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் போன் செய்தார். குரலில் பதற்றம். பிரான்சில் இருக்கும் மகன் சொன்னதைக் கேட்டு, குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் பிரெஞ்சு மடற்குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மூன்றே நாளில் நூறு மடல் வந்து குவிந்துவிட்டது. மிரண்டுபோய், "தயவுசெய்து என்னை நீக்கிவிடுங்கள்" என்று நல்ல பிரெஞ்சில் மரியாதையாக எழுதி அனுப்பினார். அது குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. சிலர் ஆறுதல் சொல்லிப் பதில் எழுத, அந்தப் பதில்களும் எல்லோருக்கும் போக, நூறு நூற்றிருபது ஆனது.

நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க முசியே, மானம் போகுது" என்றார். சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். 2000-ஆம் ஆண்டில் நான் செய்த காரியம் இதைவிட மோசம். அதைச் சொல்லுமுன் இந்த மடற்குழு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் செய்த தவறு மின்னஞ்சல் அளவுக்கே பழையது.

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் ஆர்ப்பாநெட் வலையில் 1975 ஜூனில் ஒரு கலந்துரையாடல் குழு தொடங்கியது. மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலிலேயே பேசித் தீர்க்க வந்த குழு அது. அந்தக் காலத்தில் பெயர்ப்பட்டியலை ஒரு மனிதர் கையால் வைத்திருப்பார். சேரவும் விலகவும் அவருக்கு எழுத வேண்டும். ஆனால் ஜனங்கள் குழுவுக்கே எழுதினார்கள். அதனால் குழுவின் பெயரோடு 'ரிக்வெஸ்ட்' என்ற சொல்லை ஒட்டி, பட்டியல்காரருக்கென்று தனி முகவரி வைக்கும் வழக்கம் வந்தது. நம் அலுவலக மொழியில் சொன்னால், தபால் பிரிவு வேறு, கூட்டம் நடக்கும் அறை வேறு. விடுப்பு விண்ணப்பத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கக் கூடாது.

1981-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் ஒரு வாடகைத் தொலைபேசிக் கம்பியால் தங்கள் கணினிகளை இணைத்துக்கொண்டன. பிட்நெட் என்று பெயர். மற்றப் பல்கலைக்கழகங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஐரோப்பாவில் அதற்கு ஒரு தங்கை வலையும் பிறந்தது. பிட்நெட்டின் தலைமை மையத்தில் லிஸ்ட்சர்வ் என்றொரு கணக்கு இருந்தது. அந்தக் கணினிகளில் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் 'சர்வ்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி எழுத்து இல்லை. ஆனால் அங்கேயும் உறுப்பினரைச் சேர்ப்பதும் எடுப்பதும் மனிதர் கைவேலைதான். ஆள் பெருகப் பெருக விண்ணப்பங்கள் தேங்கின. எந்த அலுவலகத்தில்தான் தேங்கவில்லை?

அதை மாற்றியவர் பாரீஸில் எக்கோல் சந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எரிக் தோமா என்ற மாணவர். 1986-இல் அவர் லிஸ்ட்சர்வை முழுதும் புதிதாக எழுதினார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பெருமை உண்டு, மறைப்பானேன்? அவர் செய்தது இதுதான்: பட்டியல்காரர் இருந்த இடத்தில் எந்திரத்தை உட்கார வைத்தார். எந்திரத்தின் முகவரிக்கு, மடலின் உள்ளே ஒரே ஒரு வரி: 'சப்ஸ்கிரைப்' என்ற சொல், குழுவின் பெயர், நம் பெயர். தலைப்பில் எதை எழுதினாலும் எந்திரம் பார்க்காது. வணக்கமும் நலம் விசாரிப்பும் அதற்குப் புரியாத கட்டளைகள். விலக 'சைன்ஆஃப்'. ஊருக்குப் போகிறவர் விலகவே வேண்டாம், 'நோமெயில்' என்று சொன்னால் போதும், திரும்பி வரும்வரை மடல் வராது.

இன்னொன்றும் செய்தார். அன்றைய கம்பிகள் பெரும்பாலும் வினாடிக்கு 9600 பிட் வேகம். அமெரிக்காவில் ஐம்பது பேருக்கு ஒரே மடலை ஐம்பது முறை கடல் தாண்டி அனுப்பினால் கம்பி தாங்காது. ஆகவே ஒரு பிரதி மட்டும் கடல் தாண்டும்; அந்தக் கரையில் இருக்கும் லிஸ்ட்சர்வ் அதைப் பிரித்துக் கொடுக்கும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரே தபால் பையாகப் போய் அங்கே பிரிவதுபோல.

1992-இல் மேஜர்டோமோ, 1997-இல் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்காக ரென் நகரில் எழுதப்பட்ட சிம்பா என்று பிறகு பல வந்தன. கட்டளைச் சொற்கள் சற்று மாறின. இரண்டு முகவரி வழக்கம் மாறவில்லை.

தமிழுக்கு இது எவ்வளவு உதவியது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்.நெட் மடற்குழுவைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கல்யாணசுந்தரம் போன்றோர் முன்னின்று நடத்திய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் அந்தப் பணியில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடி வேலை செய்தார்கள். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டையும் மின்னஞ்சலிலேயே வாதாடி உண்டாக்கினார்கள்.

அந்தத் திஸ்கிதான் எனக்கும் முதல் தலைவலி. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு தமிழ் மடற்குழுவில் சேர்ந்தேன் (எது என்று சொல்லப் போவதில்லை). எழுத்துரு போட்ட பிறகும் திரையில் ஐரோப்பிய எழுத்துகளின் கொம்பும் புள்ளியும்தான். குறியீட்டு மெனுவில் 'யூசர் டிஃபைன்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கடைப் பையன் கண்டுபிடித்துக் கொடுத்தான். தமிழ் தெரிந்த அந்த நொடி நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சில மாதத்தில் ஒரு வாதம் மூண்டது. 'குசினி' என்ற நம்மூர்ச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்று நான் எழுதினேன். இல்லை, போர்த்துகீசியம், பிரெஞ்சுக்காரன் ஆளாத இலங்கையிலும் அந்தச் சொல் உண்டே என்றார் ஒருவர். நான் விடவில்லை. வார்த்தை தடித்தது. அந்த நேரம் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய் ஒரு மாதம் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் ஒரு நாளுக்குப் பிறகு ஒரு மடலும் இல்லை. குழுவுக்கு எழுதினேன், நீங்கள் உறுப்பினர் அல்ல என்று திரும்பி வந்தது.

என்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். வாதத்தில் தோற்பவர்கள் செய்வது இதுதான் என்று மட்டுறுத்துனருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முப்பது ஆண்டு குறிப்பாணை எழுதிய கை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. கோபமே இல்லை. என் இலவசப் பெட்டியின் கொள்ளளவு 2 எம்.பி. அது நிரம்பி வழிந்து, வந்த மடல்கள் எல்லாம் திரும்பிப் போயிருக்கின்றன. இத்தனை மடல் தொடர்ந்து திரும்பினால் முகவரி செத்துவிட்டது என்று கருதி எந்திரம் பெயரை எடுத்துவிடும். மனிதர் யாரும் தொடவில்லை. கூடவே, நான் இல்லாத நாட்களில் அந்த இழையில் வந்த மடல்களையும் இணைத்திருந்தார். என்னோடு மோதியவர் மூன்று முறை கேட்டிருந்தார்: புதுச்சேரிக்காரர் ஏன் மௌனமாகிவிட்டார், உடம்புக்கு ஏதாவதா, யாருக்காவது அவர் தொலைபேசி எண் தெரியுமா என்று.

மறுபடி சேர்ந்ததும் முதல் மடலாக மன்னிப்புக் கேட்டேன், எல்லோருக்குமாக. அதைக் குழு முகவரிக்கு அனுப்புவதுதான் முறை. குசினி போர்த்துகீசியச் சொல்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

நண்பருக்குப் போனிலேயே வழி சொன்னேன். குழு மடல் எதையாவது திறந்து அடிவரை போகச் சொன்னேன். 'தெஸபொன்மான்' என்ற சொல்லுக்கு எதிரே முகவரி இருந்தது. உறுதி கேட்டு வரும் மடலுக்கும் பதில் போட மறக்க வேண்டாம் என்றேன். சாயங்காலம் வெற்றிகரமாக விலகிவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போன். ஆறுதல் எழுதியவர்களில் ஒருவர், நண்பரின் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, சைகோனுக்குப் போன ஒரு தாத்தா உங்களுக்கு உண்டா என்று கேட்டிருக்கிறாராம். உண்டு. இப்போது திரும்பச் சேர வேண்டும், ஆனால் நூறு மடலாக வராமல் நாளுக்கு ஒரே கட்டாக வர வேண்டும்.

"எந்த முகவரிக்கு எழுதணும் முசியே, குழுவுக்கா, எந்திரத்துக்கா?" என்றார்.