நகரும் மேகத்துக்கு ஒரு கணக்கு



மழைக்காலம் வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருமே வானிலை நிபுணர்கள்தான். ஒருவர் சாட்டிலைட் படம் ஒன்றை அனுப்புவார். அடுத்தவர் அதில் சிவப்பாக இருக்கும் இடத்தைக் காட்டி, "இன்றைக்கு நமக்குத்தான்" என்பார். மூன்றாமவர், "போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள், தூறல்கூட இல்லை" என்பார். கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டிகளை மேலே ஏற்றலாமா, வேண்டாமா என்ற முடிவு அதற்குள் தள்ளிப்போய்விடும்.

அந்தப் படம் எப்படி வந்தது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன்; பி.காம். முடித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இதுவும் ஒருவகைக் கணக்கு வழக்குதான் என்று பட்டது. ஒரு கடையின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் அன்றைய தேதியில் என்ன இருக்கிறது என்று தெரியும். கடை வளர்கிறதா, நொடிக்கிறதா என்று தெரியவேண்டுமானால் முந்தைய ஆண்டின் கணக்கையும் பக்கத்தில் வைக்கவேண்டும். மேகத்துக்கும் அதே விதிதான். ஒரு படம் இருப்பைச் சொல்லும். இரண்டு படங்கள்தான் போக்கைச் சொல்லும்.

சுற்றி வந்த முதல் கண்

உலகின் முதல் வானிலைச் செயற்கைக்கோள் அமெரிக்காவின் டைரோஸ்-1. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்டது. 78 நாட்கள் உழைத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. புயல் மேகங்கள் சுருள் சுருளாகத் திரண்டிருப்பதை மனிதர்கள் மேலிருந்து தொடர்ந்து பார்த்தது அப்போதுதான்.

ஆனால் அதில் ஒரு குறை. அது சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தைப் படம் எடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகி ஒரு சுற்று முடித்து வரும்போது, கீழே பூமி திரும்பிப்போயிருக்கும். அதே மேகத்தை அதே கோணத்தில் மறுபடி பார்க்க வழியில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு அலையில் போனபோது, உலகில் இருந்த வானிலைச் செயற்கைக்கோள்கள் எல்லாம் இப்படிச் சுற்றிவரும் வகைதான். ஒரு மேகக் கூட்டத்தை அரை மணிக்கு ஒருமுறை பின்தொடரும் கண் எந்த நாட்டிடமும் இல்லை.

அதற்கு வழி காகிதத்தில் எப்போதோ இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும். கீழிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்படி நிறுத்தினால் உலகம் முழுவதும் தகவல் அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் இலங்கையில் குடியேறிய அதே எழுத்தாளர்தான்.

சுழற்சியையே வேலைக்காரனாக்கியவர்

1966 டிசம்பரில் ஏ.டி.எஸ்-1 என்ற செயற்கைக்கோள் அந்த உயரத்துக்குப் போய், பசிபிக் பெருங்கடலுக்கு மேல் நின்றது. அது முக்கியமாகத் தகவல் தொடர்புச் சோதனைக்காகச் செய்யப்பட்டது. ஆடாமல் இருப்பதற்காகப் பம்பரம்போல் நிமிடத்துக்கு 100 முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். இப்படிச் சுழலும் ஒன்றின்மேல் கேமராவை வைத்தால் படம் கலங்கிப்போகாதா?

விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்னர் சூமி அந்தச் சுழற்சியையே பயன்படுத்திக்கொண்டார். சக பொறியாளர் ராபர்ட் பேரன்டுடன் சேர்ந்து அவர் செய்த கேமரா, ஒரு சுற்றுக்குப் பூமியின் குறுக்கே ஒரே ஒரு கோட்டைத்தான் படிக்கும். அடுத்த சுற்றில் இம்மியளவு சாய்ந்து அடுத்த கோடு. நிமிடத்துக்கு 100 கோடு. சுமார் 20 நிமிடத்தில் 2,000 கோடு. அத்தனையையும் வரிசையாக அடுக்கினால் ஒரு முழுப் படம். லெட்ஜரை வரி வரியாக எழுதி நிரப்புவதுபோலத்தான். முடிந்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும்.

இப்போது முதல்முறையாக ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், அடுத்தடுத்துப் படங்கள் கிடைத்தன. கேமரா நகரவில்லை. ஆகவே படத்தில் எது நகர்ந்திருக்கிறதோ, அது மேகம்தான்.

ஃபுஜிட்டாவின் சினிமா

அந்தப் படங்களை ஓடவிட்டவர்களில் முக்கியமானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா. சூறாவளிகளின் கடுமையை அளக்கும் 'ஃபுஜிட்டா அளவுகோல்' அவர் பெயரில் இருப்பதுதான். அவர் வாழ்க்கையிலேயே மேகத்துக்கு ஒரு பங்கு உண்டு. 1945இல் ஜப்பானின் கொக்குரா நகருக்குப் பக்கத்துக் கல்லூரியில் அவர் ஆசிரியர். ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்குக் குறிவைத்த ஊர் கொக்குராதான். மேகமும் புகைமூட்டமும் ஊரை மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

ஃபுஜிட்டா 1953இல் அமெரிக்காவுக்குப் போனார். ஏ.டி.எஸ்-1 படங்கள் வந்தபோது, கடற்கரையும் தீவுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி படங்களைப் பொருத்தி, சினிமா ரீல்போல ஓடவிட்டார். மேகத் துணுக்குகளைப் பின்தொடர்ந்து அவை எவ்வளவு தூரம் போயின என்று அளந்தார். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பலூன் விட ஆளில்லாத நடுக்கடலில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதற்கு மேகமே சாட்சியானது.

படங்களைப் பொருத்துவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். செயற்கைக்கோள் கொஞ்சம் அசைந்துவிட்டாலும், நகராத மேகமெல்லாம் நகர்ந்ததாகக் கணக்கு வரும். அதனால்தான் முதலில் கடற்கரையைச் சரிபார்ப்பார்கள். வங்கியில் ஓப்பனிங் பேலன்ஸ் ஒத்துப்போகாமல் அன்றைய கணக்கைத் தொடங்குவோமா?

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1971இல் லீஸ், நோவாக், கிளார்க் என்ற மூவர் இதைத் தானாகவே செய்யும் முறையை வெளியிட்டார்கள். முதல் படத்தில் ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது படத்தில் அதைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் தேடி, அதோடு மிக அதிகமாக ஒத்துப்போகும் சதுரத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் மேகத்தின் பயணம். படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் மேகம் 6 புள்ளி நகர்ந்திருந்தால் 24 கிலோமீட்டர். அதாவது மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம். இன்றுவரை அடிப்படை இதுதான். மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அகச்சிவப்புப் படத்தில் தெரியும் வெப்பநிலையை வைத்துச் சொல்வார்கள். மேகத்தின் மேற்பகுதி எவ்வளவு குளிர்ச்சியோ, பெரும்பாலும் அவ்வளவு உயரம்.

நம் கடலுக்கு மேல் ஒரு கண்

அமெரிக்கா 1974இலிருந்து இத்தகைய செயற்கைக்கோள்களை வானிலைக்கென்றே அனுப்பத் தொடங்கியது. 1977இல் ஜப்பானும் ஐரோப்பாவும் அனுப்பின. இந்தியப் பெருங்கடல் மட்டும் காலியாக இருந்தது. அந்த 1977 நவம்பர் 19 அன்றுதான் ஆந்திரத்தின் திவிசீமை பகுதியைப் புயல் தாக்கி, சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள்.

1979இல் உலக நாடுகள் சேர்ந்து ஓராண்டு வானிலை ஆய்வு ஒன்றை நடத்தின. நம் கடலுக்கு மேல் சோவியத் யூனியன் நிறுத்தவேண்டிய செயற்கைக்கோள் தயாராகவில்லை. அதனால் அமெரிக்கா தன்னுடைய பழைய கோஸ்-1ஐ இந்தப் பக்கம் நகர்த்தித் தந்தது. அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் மேகங்கள் நகர்வதை விஸ்கான்சினில் உட்கார்ந்து அளந்தார்கள். ஆய்வு முடிந்ததும் அந்தச் செயற்கைக்கோள் போய்விட்டது. இரவல் சாமான் எத்தனை நாள் இருக்கும்?

1982 ஏப்ரலில் சென்ற நம் இன்சாட்-1ஏ செப்டம்பரிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட் கடைசியில் சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி நிலைத்தது. நம் வீடுகளுக்குத் தொலைக்காட்சி பரவக் காரணமாக இருந்த அதே செயற்கைக்கோள் மேகங்களையும் படம் எடுத்தது. செய்தி முடிந்தபின் தூர்தர்ஷனில் காட்டிய அந்த மங்கலான கறுப்பு வெள்ளைப் படம் பலருக்கு நினைவிருக்கும். கடலோர ஊர்களில் இன்சாட் வழியாகவே புயல் எச்சரிக்கையைப் பெறும் கருவிகளும் வைக்கப்பட்டன.

1990 மே மாதம் அதே கிருஷ்ணா டெல்டாவைக் கடும் புயல் தாக்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்குள். அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் 1977ஐ நினைத்துப் பாருங்கள். இதில் செயற்கைக்கோளின் பங்கு பாதி என்றால், எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்த்து மக்களைக் கிளப்பியவர்களின் பங்கு மீதிப் பாதி. 1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய புயலும் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்ததுதான். செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை.

பிறகு 2002இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற செயற்கைக்கோளுக்குக் கல்பனா சாவ்லா நினைவாகக் கல்பனா-1 என்று பெயரிட்டார்கள். 2013இல் இன்சாட்-3டி, 2016இல் 3டிஆர், 2024இல் 3டிஎஸ் என்று வரிசை நீண்டது. 3டி, 3டிஆர் இரண்டும் அரை மணிக்கு ஒரு படம் எடுப்பவை. முறைமாற்றி எடுக்கவைத்ததில் கால் மணிக்கு ஒரு படம் கிடைத்தது.

மூன்று மணி நேரத்துக்கான காசோலை

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்தால், அதே கணக்கை முன்னோக்கி நீட்டி, "அடுத்த இரண்டு மணி நேரத்தில் இங்கே வரும்" என்று சொல்லலாம். 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று வானிலை ஆய்வு மையம் தரும் அறிவிப்புகளுக்கு இதுவும் ஓர் அடிப்படை. ரேடார் படங்களுக்கும் இதே கணக்கைப் போடுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் 2002இல் டாப்ளர் ரேடார் வந்தபிறகு அதன் துல்லியம் கூடியது.

ஏன் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்? மேகம் லாரி அல்ல, புறப்பட்டபடியே வந்து சேர்வதற்கு. ஓர் இடிமேகத்தின் ஆயுள் பல சமயம் ஒரு மணி நேரம்கூட இல்லை. வழியிலேயே கரைந்துபோகும். சுத்தமாக இருந்த இடத்தில் கடற்காற்று நுழைந்து புதிதாக ஒன்று முளைக்கும். போக்கைக் கணக்கிடலாம்; பிறப்பையும் இறப்பையும் அந்தக் கணக்கு சொல்லாது. இன்னொன்று: செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் தலையை. மேல்காற்றில் அது விரிந்து பரவி, பாதி மாவட்டத்தை மூடியதுபோல் தெரியும். மழை அதன் ஒரு மூலையில் மட்டும் கொட்டும். மழைத்துளியைப் பார்ப்பது ரேடார். ஆகவே படத்தில் சிவப்பு இருந்தும் நமக்கு மழை இல்லை என்றால், யாரும் பொய் சொன்னதாக ஆகாது.

காசோலை மூன்று மாதம் செல்லும். இந்த வகை முன்னறிவிப்பு மூன்று மணி நேரம்தான் செல்லும். அதற்குமேல் புதிதாக வாங்கிக்கொள்ளவேண்டும். காலை எட்டு மணிக்கு வந்த படத்தை மாலை ஐந்து மணிக்குப் பகிர்வதும், காலாவதியான காசோலையைக் கவுன்டரில் நீட்டுவதும் ஒன்றுதான். காலாவதியான காசோலை திரும்பி வரும், அவ்வளவே. பழைய படத்தை நம்பினால், கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிய பிறகு யாராவது வண்டியை எடுக்க இறங்குவார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நம் குழுவில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்வோம். பல மணி நேரத்துக்கு, பல நாளுக்கான எச்சரிக்கைக்கு ஆய்வு மையத்தின் அறிக்கையையே நம்புவோம். படம் பகிர்கிறவர்கள், ஒற்றைப் படத்துக்குப் பதில் ஓடும் படத்தை அனுப்புங்கள். அதில் கிரீன்விச் நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பெறுகிறவர்கள் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எத்தனை மணிக்கு எடுத்தது? அதற்கு அரை மணி முன்னால் இந்த மேகம் எங்கே இருந்தது? இரண்டுக்கும் பதில் இருந்தால், வண்டியை எப்போது மேலே ஏற்றுவது என்பதை நேரத்தோடு முடிவு செய்துவிடலாம்.